வீட்டுச் செபமாலை பாதியில் நிற்காமல் இருக்க

செபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து பகுதிகள்; ஒவ்வொரு பகுதியும் ஒரு 'பத்து மணி'. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால், மூன்றாவது பத்து மணியிலேயே பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். ஏழு மணிக்கு, இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுமுன் உட்காருங்கள். ஒரு பத்து மணிப் பகுதிக்கு மூன்று நான்கு நிமிடம், ஐந்துக்கும் சேர்த்து 20 நிமிடம்.

முடியாத நாளில் ஒரே ஒரு பத்து மணி போதும். 'மரியே வாழ்க' செபத்தில், முன்சொல்பவர் 'ஆசி பெற்றவரே' என்று முடிக்குமுன் மற்றவர்கள் 'புனித மரியே' என்று பாய்கிற ஓட்டச் செபத்தைவிட அது எவ்வளவோ மேல்.

ஆளுக்கொரு பத்து மணி பிரித்துக் கொடுங்கள். தொடங்குமுன் சொல்லும் கருத்து, அதாவது எதற்காகச் செபிக்கிறோம் என்பது, ஒரே வரியில் இருக்கட்டும்: 'பாட்டியின் முழங்கால் வலிக்காக.' நீண்ட கருத்து மாமியாருக்கும் மருமகளுக்கும் மறைமுகப் பேச்சாகிவிடும். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

செபிக்கும்போது தியானிக்கிற மறைபொருள்கள், அதாவது இயேசு, மரியா வாழ்வின் நிகழ்வுகள், நாளுக்கு நாள் மாறும்: திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துயரம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்கள் 2002இல்தான் சேர்ந்தன, அதனால் பழைய செபப் புத்தகத்தில் இருக்காது. ஒரு தாளில் எழுதிப் பீடத்தருகே ஒட்டுங்கள்.

புதுச்சேரிக் கடல்காற்றில் மலிவான கம்பிச் செபமாலை துருப்பிடித்து, வளையம் வாய் திறந்து, மணிகள் உதிரும். வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போகும்போது நைலான் நூலில் முடிச்சுப் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். மின்விசிறிக் காற்றில் மெழுகுவத்தி அணைந்தால், விசிறியை நிறுத்த வேண்டாம். வத்தியை உயரமான கண்ணாடி டம்ளருக்குள் வையுங்கள்.