அத்தை கைரேகை இல்லாமல் வீடு என் பேருக்கு வராது

தண்டையார்பேட்டையில் எங்களுடையது அரை கிரவுண்டுகூட இல்லாத வீடு. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார். உயில் எழுதாமலே போய்விட்டார். அம்மாவை வைத்துக்கொண்டு அங்கே இருப்பவள் நான்தான் என்பதால், வீட்டை என் பேருக்கே எழுதிக் கொடுக்க அம்மா, எண்ணூர் அண்ணன், வியாசர்பாடி அக்கா மூவரும் ஒத்துக்கொண்டார்கள். மூணு கையெழுத்து, முடிந்தது வேலை என்று நினைத்தோம்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "அப்பா இறந்தப்போ அவரோட அம்மா உயிரோட இருந்தாங்களா?"

ஆயா இருந்தார். அப்பாவுக்கு ரெண்டு வருஷம் கழித்துத்தான் போனார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவி, பிள்ளைகளோடு பெற்ற தாய்க்கும் சமபங்கு. ஆக, பங்கு ஐந்து. தாத்தா முன்பே காலமாகிவிட்டதால் ஆயாவின் பங்கில் பாதி எங்கள் மூவருக்கு, பாதி அவர் மகளான அத்தைக்கு. மொத்த வீட்டில் பத்தில் ஒன்று!

எனவே முதல் வேலை, யார் எப்போது இறந்தார் என்று தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு.) அப்புறம் ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. வாரிசுச் சான்று யார் வாரிசு என்று சொல்லும், அவ்வளவுதான். அதைக் காட்டி வீட்டை ஒருத்தர் பேருக்கு மாற்ற முடியாது. வீட்டு வரி ரசீதும் அப்படித்தான்.

மற்றவர்கள் பங்கை விட்டுக்கொடுக்க விடுதலைப் பத்திரம். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினால் உரிமை மாறாது. பதிவு செய்தே ஆகவேண்டும். கையெழுத்திட்ட நாலு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். வெளியாரிடம் கிரயம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் விடுதலை என்றால் ரெண்டுக்கும் தலா ஒரு சதவீதம்தான். 2023 முதல் உச்சவரம்பு தீர்வைக்கு 40,000, கட்டணத்துக்கு 10,000 ரூபாய். ஆனால் 'குடும்பம்' என்றால் யார் யார் என்று சட்டத்தில் பட்டியல் உண்டு. உங்கள் உறவு அதில் வருகிறதா என்று பத்திரம் எழுதுபவரிடம் முதலிலேயே கேளுங்கள்.

சொத்து விவரத்தை நீங்களே மூலப்பத்திரத்தோடு வைத்து வரி வரியாகப் படியுங்கள். நம் சென்னையில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று ரெண்டு உண்டு. ரெண்டையும் போடச் சொல்லுங்கள். சர்வே எண்ணும் நாலு எல்லையும் அதைவிட முக்கியம்.

பதிவு நாளில் எல்லோரும் ஆதாரோடு வரவேண்டும், ரெண்டு சாட்சி வேண்டும். அத்தை காசிமேட்டில் முப்பது வருஷம் மீன் ஆய்ந்தவர். ஐஸிலும் செதிலிலும் ரேகை தேய்ந்துபோயிருந்தது. மெஷின் எடுக்கவே இல்லை. முந்தானையில் கட்டைவிரலைத் தேய்த்துத் தேய்த்து வைத்தார். "எனக்கு இன்னாத்துக்குடி பங்கு? இந்த வெரலு சனியந்தான் வுட மாட்டேங்குது" என்றார். நாலாம் தடவை விழுந்தது. வயதானவர்கள் இருந்தால் காலை டோக்கனாகப் போடுங்கள். நடுவில் உட்காரவும் டீ குடிக்கவும் நேரம் இருக்கும்.

பத்திரம் கைக்கு வந்ததும் வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டு அதில் உங்கள் பேர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பட்டா. அதற்கப்புறம் மாநகராட்சி வரி, மெட்ரோ வாட்டர், கரன்ட். எங்கள் வீட்டில் கரன்ட் பில் இன்னும் அப்பா பேரில்தான் வருகிறது. அம்மா மாற்ற விடவில்லை.