காரின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சோதிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிகிறது. காரின் கணினியில் பதிந்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால் பி0420 என்ற குறியீடு வருகிறது. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் செயல்திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். இதைக் கண்டவுடன் கன்வர்ட்டரை மாற்றிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது. செலவு மிகுந்ததும் அதுவே. கன்வர்ட்டருக்குப் பின்னால் இருந்து புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் பின்பக்க ஆக்சிஜன் சென்சாரின் அளவீடு எதிர்பார்த்தபடி இல்லை என்பதை மட்டுமே அந்தக் குறியீடு தெரிவிக்கிறது. சென்சார் பழுதாகியிருக்கலாம், குழாயில் கசிவு இருக்கலாம், கன்வர்ட்டரே கெட்டும் இருக்கலாம். அப்படியே கெட்டிருந்தாலும், கன்வர்ட்டர் தானாகக் கெடுவது அரிது என்பதால், அதைக் கெடுத்தது எது என்ற கேள்விக்கு விடை காணாமல் புதியதைப் பொருத்துவதில் பயனில்லை.

இதை நான் என் சொந்தக் காரில் பட்டுத்தான் அறிந்தேன். புதிய கன்வர்ட்டர் போட்டு நான்கு மாதம் ஆவதற்குள் அதே குறியீடு திரும்ப வந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, தேன்கூட்டைப் போன்ற பீங்கான் அறைகளுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு உருகிக் கட்டிப்போன ஒரு திட்டு இருந்தது. மூன்றாம் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும் விட்டுவிட்டு வேலை செய்திருக்கிறது. அந்தச் சிலிண்டரில் எரியாமல் போன பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் சென்று எரிந்து, பீங்கானையே உருக்கிவிட்டது. முதல் முறையே காயிலைச் சோதித்திருந்தால் இரண்டு கன்வர்ட்டர்களில் ஒன்றாவது தப்பியிருக்கும். இன்ஜின் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால், மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது, கன்வர்ட்டரைச் சேதப்படுத்தும் அளவுக்குப் போய்விட்டது என்று பொருள். அந்த நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவது கூடாது.

ஆகவே சோதனை இன்ஜினிலிருந்து தொடங்கிப் புகைக்குழாயின் முனையை நோக்கிப் போக வேண்டும். பெட்ரோல் காரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசிய கன்வர்ட்டர், கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறைக்க வேண்டுமானால், 1 கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று என்ற விகிதத்தை இன்ஜின் விடாமல் காக்க வேண்டும். இந்த விகிதம் கெட்டால் நல்ல கன்வர்ட்டரும் திணறும். ஸ்பார்க் பிளக்குகள், காற்று வடிகட்டி, வெடித்துப்போன வேக்குவம் ஹோஸ்கள், கூலன்ட் குறைகிறதா என்பது, இன்ஜின் ஆயில் எரிகிறதா என்பது ஆகியவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகே புகைக்குழாய்ப் பக்கம் போக வேண்டும்.

எந்தச் சோதனையைக் குளிர்ந்த இன்ஜினில் செய்வது, எதைச் சூடான இன்ஜினில் செய்வது என்பதில் பலர் குழம்புகிறார்கள். இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்திலுள்ள மேனிஃபோல்டு கேஸ்கட்டின் கசிவைக் குளிர்ந்த நிலையில்தான் தேட வேண்டும். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஓர் ஒலி கேட்கும். சில நிமிடங்களில் உலோகம் விரிந்து இடைவெளியை மூடிவிடுவதால் ஒலி மறைந்துவிடும். அந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால், இணைப்பிலிருந்து மைக்கோடு இழுத்ததுபோல் ஒரு கரித்தடம் தெரியும். இந்தச் சிறிய கசிவைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. புகை துடிப்புத் துடிப்பாகவே வெளியேறுவதால், ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் அழுத்தம் குறைந்து வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள முன்பக்கச் சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு பெட்ரோல் போதவில்லை என்று சொல்ல, கணினி தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டுகிறது. கடைசியில் பழி சென்சார்மீது விழுகிறது.

புகை அளவீட்டுக்கோ இதற்கு நேர்மாறான நிலை வேண்டும். கன்வர்ட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறாமல் வேலையைத் தொடங்காது. நெடுநேரம் ஐட்லிங்கில் நின்றால் சூடான கன்வர்ட்டரும் ஆறிவிடக்கூடும். அளவிடுவதற்கு முன் 2,500 ஆர்பிஎம் வேகத்தில் இரண்டு மூன்று நிமிடங்கள் ஓடவிடுவது நல்லது. அளவியின் குழலைப் புகைக்குழாய்க்குள் அரைகுறையாகச் செருகினாலோ சைலன்சரில் ஓட்டை இருந்தாலோ வெளிக்காற்று கலந்து, ஆக்சிஜனைத் தவிர மற்ற எல்லா அளவுகளும் குறைவாகக் காட்டும். அதைக் கண்டு வண்டி சுத்தம் என்று முடிவு செய்வது ஏமாற்றம். கார்பன் டைஆக்சைடு குறைவாகவும் ஆக்சிஜன் மிகுதியாகவும் இருந்தால் அந்த அளவீட்டை நம்பாமல், முதலில் கசிவைத் தேட வேண்டும். இன்ஜினை ஓடவிட்டுச் செய்யும் எந்த வேலையையும் மூடிய ஷெட்டில் செய்யக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது; மயக்கம் வந்த பிறகு எழுந்து கதவைத் திறக்க முடியாமலே போகலாம்.

ஆக்சிஜன் சென்சார்களைத் திரையில் படிக்கும்போது இன்னொரு தவறு நேர்கிறது. பழைய வகை முன்பக்கச் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வர்ட்டர் நலமாக இருந்தால் பின்பக்கச் சென்சார் பெரும்பாலும் 0.6, 0.7 வோல்ட் அளவில் அமைதியாக நிற்கும். பின்பக்கக் கோடு முன்பக்கக் கோட்டைப் பின்பற்றி ஆடத் தொடங்கினால்தான் கன்வர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் புதிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் இருப்பது, காற்று-பெட்ரோல் விகிதத்தையே தொடர்ச்சியாக அளக்கும் வைட்பேண்ட் சென்சார். அது இப்படி ஆடாது. ஆடாததைக் கண்டு அது செத்துவிட்டது என்று நல்ல சென்சாரைக் கழற்றி எறிகிறார்கள்.

இ.ஜி.ஆர். வால்வு தொந்தரவு தருகிறது என்று தகடு வைத்து அடைத்துவிடுவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. எரிந்த வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டு எரியறையின் வெப்பத்தைத் தணிப்பதற்காகவே அந்த வால்வு இருக்கிறது. அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும், அவற்றைச் சுவாசிப்பவர்கள் தெருவில் நடப்பவர்கள். வால்வு அசைகிறது என்பதோடு திருப்தியடைவதும் தவறு. ஐட்லிங்கில் வால்வைத் திறந்தால் இன்ஜின் தடுமாற வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால் வழித்தடம் கரியால் அடைபட்டிருக்கிறது.

பெட்ரோல் ஆவியைச் சேமிக்கும் பகுதியில் கசிவு தேடுவதற்குக் கம்ப்ரசர் காற்றை நேரே செலுத்தக் கூடாது. அந்த அமைப்பு மிகக் குறைந்த அழுத்தத்துக்கே உரியது; சோதனைக்கு 1 பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில் புகை செலுத்தும் கருவி போதும். அதற்கும் முன்பாக டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்துவிட வேண்டும். பம்ப் தானாக நின்ற பிறகும் வழிய வழிய நிரப்பும் பழக்கம் இருந்தால், திரவப் பெட்ரோல், ஆவியை உறிஞ்சி வைக்கும் கரிக் கேனிஸ்டருக்குள் புகுந்து அதைப் பாழாக்கியிருக்கும்.

டீசல் கார்களில் துகள் வடிகட்டி அடைபட்டதும் அதில் சேர்ந்த கரியை ஸ்கேனர் வழியாக வற்புறுத்தி எரித்துவிட்டு, அதோடு விட்டுவிடுகிறார்கள். ஏறத்தாழ 600 டிகிரியில் கரி எரிந்துபோகும்; ஆனால் இன்ஜின் ஆயிலிலிருந்து வந்து சேர்ந்த சாம்பல் எந்த வெப்பத்திலும் எரியாது. பொருந்தாத ஆயில் ஊற்றப்பட்டதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, அழுத்த வேறுபாட்டுச் சென்சாரின் ஹோஸ் கிழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் எரித்தால் சில வாரங்களில் அதே விளக்கு மீண்டும் எரியும்.

குறியீடுகளை எழுதி வைக்காமல் அழிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழித்தவுடன், பழுது நேர்ந்த கணத்தில் இன்ஜினின் வேகம், சூடு, சுமை ஆகியவை எவ்வளவு இருந்தன என்று கணினி பதிந்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். பேட்டரி இணைப்பைக் கழற்றினாலும் பல கார்களில் இதே கதிதான். அதோடு, கணினியின் தற்சோதனைகள் அனைத்தும் முடிவடையாத நிலைக்குத் திரும்பிவிடுவதால், அந்த நேரத்தில் விளக்கு எரியாமல் இருப்பதற்குப் பொருளே இல்லை. பழுது நீக்கிய பிறகு குளிர்ந்த இன்ஜினில் தொடங்கி, நகர வேகத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் ஓட்டி, ஸ்கேனரில் ஒவ்வொரு தற்சோதனையும் முடிந்ததா என்று பார்க்க வேண்டும். ஆவிக் கசிவுச் சோதனை பல கார்களில் டேங்க் முழுக்க நிரம்பியிருந்தாலும் காலியாகக் கிடந்தாலும் தொடங்கவே தொடங்காது என்பதால், அதற்கு மட்டும் பாதி டேங்க் பெட்ரோலும் இரண்டொரு நாள் பொறுமையும் வேண்டும்.