துளையிடும் இயந்திரமும் அதற்கேற்ற பிட்டும்

வீட்டுச் சுவரில் துளை சரியாக விழாதபோது பலரும் டிரில்லிங் மெஷினையே குறை சொல்கிறார்கள்; பெரும்பாலும் தவறு அதில் மாட்டியிருக்கும் பிட்டில்தான் இருக்கும். எந்தப் பொருளைத் துளைக்கப்போகிறோம் என்பதை முடிவுசெய்த பிறகே பிட்டை எடுக்க வேண்டும்.

செங்கல், கான்கிரீட் ஆகியவற்றுக்கான பிட்டை அதன் நுனியைக் கொண்டே அடையாளம் காணலாம். தண்டைவிடச் சற்று அகலமான டங்ஸ்டன் கார்பைடுத் துண்டு ஒன்று நுனியில் பற்றவைக்கப்பட்டிருக்கும். இது வெட்டுவதில்லை, இடித்துப் பொடியாக்குகிறது. அதனால்தான் மெஷினில் சுத்தியல் படம் போட்ட ஹாமர் நிலை தேவைப்படுகிறது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) எனப்படும் எஃகாலான கூர்நுனி பிட் உரியது. அதைக் கான்கிரீட்டில் வைத்தால் சில நொடிகளில் நுனி சூடேறி மழுங்கிவிடும். மரத்துக்கு நடுவில் ஊசிமுனை உள்ள பிட் சிறந்தது. அந்த முனை முதலில் பதிந்துகொள்வதால் பிட் நகராது. டைல்ஸுக்கு ஈட்டிமுனை வடிவப் பிட் தனியாகக் கிடைக்கிறது.

அளவைப் பொறுத்தவரை, சுவரில் செருகும் பிளாஸ்டிக் பிளக் 6 மி.மீ. என்றால் பிட்டும் 6 மி.மீ.தான். "கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்" என்று 8 மி.மீ. பிட்டால் துளைத்தால் பிளக் உள்ளே சுழலுமே தவிர, திருகாணியைப் பிடிக்காது. பிளக்கின் நீளத்தைவிடச் சுமார் 10 மி.மீ. அதிக ஆழம் வேண்டும் என்பதால், அந்த அளவில் பிட்டின் மீது ஒரு துண்டு டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

பிட்டை மாற்றுமுன் மெஷினின் மின்பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து கழற்ற வேண்டும். பிட்டைப் பிடித்துக்கொள்ளும் முன்பகுதியான சக்கில் உள்ள மூன்று துளைகளிலும் அதற்குரிய சாவியை மாற்றி மாற்றி இட்டு இறுக்கினால் பிட் நடுவில் நேராக நிற்கும். இறுக்கியதும் சாவியை எடுத்துவிட வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். கையுறை கூடாது, ஏனெனில் சுழலும் பிட் அதைச் சுற்றி இழுத்தால் விரலும் கூடவே போகும்.

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும், குழாய்க்கு நேர் மேலேயும் துளையிடாமல் தள்ளிப்போவது நல்லது. வயர்களும் தண்ணீர்க் குழாய்களும் பெரும்பாலும் அந்த வழியாகவே செல்கின்றன. முதலில் ஹாமர் இல்லாமல், மெதுவான வேகத்தில் ஒரு சிறு பள்ளம் போட்டு, பின்னர் ஹாமருக்கு மாற்றவும். வெளியே வரும் தூளைக் கவனிப்பது ஒரு பழக்கமாக வேண்டும். பூச்சைத் தாண்டிச் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூளோடு வேகமும் குறைந்தால் கான்கிரீட் பீம் அல்லது தூண். பிட் திடீரென்று நின்று, உலோக ஓசை கேட்டால் உள்ளே கம்பி இருக்கிறது. உடம்பின் பலத்தையெல்லாம் போட்டு அழுத்தாமல், துளையைச் சற்றுத் தள்ளிப் போடுவதே வழி. துளையிடும்போது பிட்டைச் சுழலும் நிலையிலேயே இடையிடையே வெளியே இழுத்தால் தூள் வெளியேறும், சூடும் தணியும்.

டைல்ஸ் பதித்த சுவரில் பிட் டைல்ஸைக் கடக்கும்வரை ஹாமர் நிலை வேண்டவே வேண்டாம். விரிசல் விட்டபின் சரிசெய்ய வழியில்லை. குறியிட்ட இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டால் நுனி வழுக்காது. எடை குறைந்த ஏ.ஏ.சி. கல்லும் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த கான்கிரீட் கல்) அப்படித்தான்: ஹாமர் அதைச் சிதைத்துத் துளையை அகலமாக்கிவிடும்.

இரும்பில் வேலை செய்யும்போது சென்டர் பஞ்ச் எனப்படும் கூர்முனைக் கருவியால் ஒரு குழி தட்டிக்கொண்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துளை பெரிதாகப் பெரிதாக வேகத்தைக் குறைக்க வேண்டும். சாதாரண இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 1,300 சுற்று என்றால், 12 மி.மீ. பிட்டுக்கு அதில் பாதி போதும். மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு ஒருபோதும் துளைக்கக்கூடாது. பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில் தகடு மாட்டிக்கொண்டு கத்தியைப் போல் சுழலும் என்பதால், அதைக் கிளாம்ப் போட்டுப் பலகையோடு இறுக்கிய பின்னரே மெஷினை இயக்க வேண்டும்.