கராத்தே வகுப்பு: கண் கையில், தவறு காலில்

ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியின் வகுப்புகளில் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: மண்டியிட்டு வணக்கம், உடலைச் சூடாக்குவது, கிஹோன் எனும் அடிப்படை, கட்டா எனும் வரிசைப்படுத்திய அசைவுகள், ஜோடியாகக் குமிதே எனும் சண்டைப் பயிற்சி, மறுபடி வணக்கம். புதிதாகச் சேர்ந்தவரின் கண் முழுக்கத் தன் கைமுட்டியில் இருக்கும். கெடுவதோ இடுப்புக்குக் கீழே.

வந்ததும் காலை அகட்டி உட்கார்ந்து அழுத்துவதை முதலில் விடுங்கள். சூடேறாத தசை சுளுக்கிக்கொள்ளும். பத்து நிமிடம் மெல்ல ஓடி, இடுப்பைச் சுழற்றி, காலை முன்பின்னாக வீசுங்கள். நீண்ட ஸ்ட்ரெச்சிங்கைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். நகம் வெட்டாமலோ மோதிரத்தோடோ வந்தால் கீறல் வாங்குபவர் உங்கள் ஜோடிதான்.

சென்குட்சு-டாச்சி என்ற முன்நிலையில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. முன் முழங்கால் மடங்கி, பின்கால் நீண்டு, எடையில் சுமார் 60 சதவீதம் முன்காலில் இருக்க வேண்டும். நீளம் தோள் அகலத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பக்கவாட்டில் இடுப்பு அகலத்துக்கு இடைவெளி தேவை. இதைத்தான் பலர் மறக்கிறார்கள். இரண்டு பாதமும் ஒரே கோட்டில், கயிற்றில் நடப்பதுபோல் நின்றால் இடுப்பு நேராகத் திரும்பாது. தோளைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிப் பாருங்கள், ஆள் சாய்ந்துவிடுவார். முன் முழங்கால் உள்பக்கம் விழுந்தால் மூட்டு வலி வரும். குத்தும்போது பின் குதிகால் எழும்பினால் தரையிலிருந்து வரும் உந்துதல் போய்விடும். மிஞ்சுவது வெறும் தோள்பலம்.

ஓய்-சுகி எனும், முன்னேறிக் குத்தும் குத்தில் கட்டைவிரல் முட்டிக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே மடக்கினால் குத்தும்போது அதுவே அடிபடும். படவேண்டியது ஆள்காட்டி, நடுவிரல் கணுக்கள். மணிக்கட்டு வளையக்கூடாது. முட்டியைச் சீக்கிரமே திருப்பினால் முழங்கை வெளியே விரியும். அது விலாவை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். மாஸ்டர் எண்ணுமுன் பாய்வதும் தவறு, ‘இச்சி’ (ஒன்று) காதில் விழட்டும்.

மே-கெரி எனும் முன் உதையில் கால்விரல்களை மேல்நோக்கி மடக்காவிட்டால் அடி விரல் நுனியில்தான் விழும். உதைத்த காலை உடனே மடக்கி இழுக்காமல் கீழே போட்டால் எதிராளி எளிதாகப் பிடித்துக்கொள்வார்.

ஹேயான் ஷோடன் என்ற தொடக்கக் கட்டாவில் 21 அசைவுகள், இரண்டு கியாய் (உரத்த கத்தல்). அவசரம் வேண்டாம், திரும்புமுன் தலை திரும்பட்டும். முடிக்கும்போது தொடங்கிய இடத்தில் நிற்கிறீர்களா? ஒரு அடி தள்ளி நின்றால், வழியில் எங்கோ அடியின் நீளம் மாறியிருக்கிறது.

ஒருவர் ஐந்து அடி முன்னேறித் தாக்க, மற்றவர் பின்வாங்கித் தடுக்கும் கோஹோன் குமிதேயில் மரியாதைதான் பெரிய தடை. தாக்குபவர் ஜோடிக்கு வலிக்குமே என்று முகத்துக்குப் பக்கத்தில் குத்தினால், தடுப்பவர் கையைத் தூக்காமலே தப்பிவிடுவார். குறி தாடைதான், தடுக்காவிட்டால் தொடுமுன் நிறுத்துங்கள். தடுப்பவரும் பயத்தில் அளவுக்கு மீறிப் பின்வாங்கக்கூடாது. ஐந்தாவது அடியில் திருப்பிக் குத்தும்போது கை எட்டவில்லையென்றால் கையை நீட்டி எக்காதீர்கள், அடுத்த முறை பின்வைக்கும் அடியைக் குறையுங்கள்.