மிகப் பெரிய பகா எண்: அடிக்கடி நடக்கும் தவறுகள்

2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்ததாக அறிவிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 2-ஐ 13,62,79,841-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தால் அது வரும். உடனே ‘உலகின் மிகப் பெரிய பகா எண்’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒன்று கிடையவே கிடையாது, பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார். ‘அப்போது தெரிந்தவற்றில் பெரியது’ என்பதுதான் சரி.

யூக்ளிடின் நிரூபணத்தையும் பாதிப் பேர் தப்பாகவே சொல்கிறார்கள். முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1-ஐக் கூட்டினால் பகா எண் வந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி 1-ஐக் கூட்டினால் 30031. அது 59 × 509.

அடுத்தது, 2-ஐ ஓர் அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தால் பகா எண் வர, அந்த அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும் என்ற நினைப்பு. அடுக்கு பகு எண் என்றால் விடையும் பகு எண்தான், ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. 11 பகா எண், 2¹¹ − 1 = 2047, அதுவோ 23 × 89. இந்த வகை எண்களுக்குப் பெயர் தந்த மெர்சென், எந்த அடுக்குகளுக்குப் பகா எண் வரும் என்று 1644-இல் போட்ட பட்டியலில் 67-ஐயும் 257-ஐயும் தவறாகச் சேர்த்து, 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். 2⁶⁷ − 1-இன் காரணிகளான 193707721, 761838257287 இரண்டையும் கோல் என்பவர் 1903-இல்தான் காட்டினார்.

சரி, நாலு கோடி இலக்க எண்ணை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தார்களா? இல்லை, அது ஆகிற காரியமில்லை. எண்ணின் வடிவம்தான் கை கொடுக்கிறது. லூகாஸ்–லெமர் சோதனையில் 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை. 31-க்கு (அதாவது 2⁵ − 1) மூன்று தடவை: 4 → 14, 14 → 194, அதன் மீதி 8, அப்புறம் 8 → 62, மீதி 0. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை, இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஏதோ ஒரு பெரிய எண்ணை எடுத்து இந்தச் சோதனையை ஓட்டாதீர்கள், மெர்சென் வடிவ எண்களுக்கு, அதாவது 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண்களுக்கு மட்டும்தான் இது.

எக்செல்லை நம்புவது இன்னொரு தவறு. 2⁶¹ − 1 என்று போட்டு முழு எண்ணாகக் காட்டச் சொன்னால் 2305843009213690000 என்று வரும், அதைப் பார்த்து ‘பத்தால் வகுபடுகிறதே’ என்று வாதாடுபவர்கள் உண்டு. உண்மையான எண் 2305843009213693951, பகா எண்தான். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம், இந்த ராட்சத எண் வங்கிக் கணக்கைப் பாதுகாக்கிறது என்ற கதை. ஆர்எஸ்ஏ என்பது தகவலை மறைகுறியாக்கும் ஒரு முறை, அதன் சாவி இரண்டு பகா எண்களைப் பெருக்கி உருவாக்குவது. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவிக்கு வேண்டியது சுமார் 308 இலக்கமுள்ள இரண்டு பகா எண்கள், அதுவும் யாருக்கும் தெரியாதவை. செய்தியில் வந்த எண்ணை ஒரு காரணியாக வைத்துச் சாவி செய்தால், ஒரே ஒரு வகுத்தலில் இன்னொரு காரணியும் வெளியே வந்துவிடும்.