ராணுவ நர்ஸ் ஆக தபால் வழிப் பட்டம் போதுமா? குமரிப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

நம்ம குமரி மாவட்டத்துக்காரரான இக்னேஷியஸ் டெலோஸ் ஃபுளோரா 2023-ல், ராணுவத்தின் நர்சிங் அதிகாரிகள் பிரிவான மிலிட்டரி நர்சிங் சர்வீஸில் (எம்.என்.எஸ்.) மேஜர் ஜெனரல் ஆனார். அதற்குப் பிறகு மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை பக்கத்தில் நர்சிங் படிக்கும் பெண்கள் உள்ள வீடுகளில் ராணுவ நர்ஸ் ஆகும் பேச்சு அடிக்கடி வருகிறது. ஆசையில் ஒரு குறையும் இல்லை. எந்தச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அடிக்கடி கண்ணில் படும் ஃபைல் ஒன்று உண்டு. பெங்களூரில் முடித்த ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு உதவி) டிப்ளமோ, மாநில நர்சிங் கவுன்சில் பதிவு, அதற்கு மேலே பளபளவென்று லேமினேட் செய்த தபால் வழி பி.ஏ. சமூகவியல். "பிள்ளைக்கு டிகிரி உண்டும்லா, பின்ன என்ன?" என்று அம்மா கேட்பார். அந்த டிகிரி வங்கித் தேர்வுக்கு உதவும், டி.என்.பி.எஸ்.சி.க்கு உதவும். எம்.என்.எஸ். கேட்பது நர்சிங் பட்டம்: பி.எஸ்சி. நர்சிங், போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் (ஜி.என்.எம். முடித்தவர்கள் படிக்கும் பட்டம்), எம்.எஸ்சி. நர்சிங், இந்த மூன்றில் ஒன்று. அதுவும் இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தோடு இருக்க வேண்டும். ஜி.என்.எம்.மையும் பி.ஏ.வையும் சேர்த்துக் காட்டினால் நர்சிங் பட்டம் ஆகிவிடாது.

இதைவிட மோசமானது, "தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. நர்சிங், வகுப்புக்கு வரவே வேண்டாம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகள் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாத படிப்புகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி, பிசியோதெரபி இவற்றோடு நர்சிங்கும் அதில் இருக்கிறது. வார்டில் நின்று கற்றுக்கொள்ள வேண்டியதைத் தபாலில் எப்படி அனுப்புவார்கள்? இதைக் கேட்டாலே அந்த ஏஜெண்ட் பேச்சை மாற்றிவிடுவார்.

"இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நர்சிங் படிப்பு நடத்தியதே?" என்று கேட்பவர்களும் உண்டு. நடத்தியது உண்மைதான். ஆனால் அந்த போஸ்ட் பேசிக் படிப்பு, ஜி.என்.எம். முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, இரண்டு வருடமாவது வேலை பார்த்தவர்களுக்காக நுழைவுத் தேர்வு வைத்து நடத்தப்பட்டது. பிளஸ் டூ முடித்த பிள்ளை நேராகச் சேரும் படிப்பு அல்ல. அந்தப் பட்டம் கையில் இருப்பவர்கள் முதலில் அதைத் தங்கள் மாநில கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிய வேண்டும். பிறகு அந்தந்த ஆண்டு அறிவிப்பின் தகுதிப் பகுதியை வரிக்கு வரி படிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கிடைத்தது என்பது ஆதாரம் இல்லை. ஜி.என்.எம்.மோடு நிற்பவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: ரெகுலராக இரண்டு வருட போஸ்ட் பேசிக் படித்துவிடுங்கள்.

அதையும் தள்ளிப் போடாதீர்கள். 2024 ஜனவரியில் எம்.என்.எஸ். குறுகிய காலப் பணிக்கான தேர்வை என்.டி.ஏ. (தேசியத் தேர்வு முகமை) நடத்தியபோது வயது வரம்பு 21 முதல் 35. இருபத்தொன்றில் ஜி.என்.எம். முடித்து, சவுதியில் ஏழெட்டு வருடம் இருந்துவிட்டு வந்து, பிறகு போஸ்ட் பேசிக் சேர்ந்தால் முடிக்கும்போது முப்பது, முப்பத்தொன்று ஆகிவிடும். அறிவிப்பும் வருடம் தவறாமல் ஒரே மாதத்தில் வருவதில்லை. இரண்டு அறிவிப்பைத் தவறவிட்டால் வயது ஓடிவிடும்.

பிளஸ் டூ பிள்ளைகள் செய்யும் தவறு வேறு மாதிரி. ராணுவமே தன் செலவில் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படிக்கவைக்கிறது. புனே, மும்பை, டெல்லி, கொல்கத்தா, லக்னோ, பெங்களூரு ஆகிய இடங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் உண்டு. முடித்ததும் பணிபுரிய ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெங்களூரில் தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கட்டும் பெற்றோர் பலருக்கு, அதே ஊரில் ராணுவ நர்சிங் கல்லூரி இருப்பது தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம். இதற்கு நீட் மதிப்பெண் வேண்டும். கூடவே, இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களோடு பிளஸ் டூவை முதல் முயற்சியிலேயே, ரெகுலர் மாணவியாக, ஐம்பது சதவீதத்துக்குக் குறையாமல் பாஸாகியிருக்க வேண்டும். தனித்தேர்வராகவோ திறந்தநிலைப் பள்ளியிலோ எழுதியவர்களுக்கு இந்தக் கதவு மூடிவிடும். டுடோரியலில் சேர்க்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

பிறகு காகிதங்கள். பதிவு என்றால் நர்ஸ், மிட்வைஃப் இரண்டுமே இருக்க வேண்டும். கர்நாடகாவில் படித்தவர்கள் எந்த மாநில கவுன்சிலில் பதிந்திருக்கிறோம், பதிவு காலாவதியாகிவிட்டதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் பெரிய வில்லங்கம். ஞானஸ்நானப் பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில், வீட்டில் கூப்பிடும் பெயர் ஆதாரில், இனிஷியலை அப்பா பெயராக விரித்த பெயர் கவுன்சில் பதிவில் என்று மூன்று பெயரில் ஒரே பெண் இருப்பது நம்ம ஊரில் சாதாரணம். அசலைச் சரிபார்க்கும் மேசையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்து மற்றதையெல்லாம் முன்கூட்டியே திருத்திவிடுங்கள்.

கல்யாணம் ஆனால் வேலை போய்விடும் என்று இன்னும் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. திருமணம் செய்ததற்காக 1988-ல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட செலினா ஜான் என்ற அதிகாரி, பல வருடம் வழக்கு நடத்தினார். அந்த விதி 1995-லேயே விலக்கப்பட்டுவிட்டது. அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ஆனால் மேலே சொன்ன நான்கு வருடப் படிப்பில் சேரும்போது திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தனி. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

தம்பிக்கும் இதே வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு: இதுவரை வந்த எம்.என்.எஸ். அறிவிப்புகள் பெண்களுக்கானவை. ராணுவத்தில் ஆண்களுக்கு நர்சிங் அசிஸ்டெண்ட் பணி உண்டு. அது அதிகாரி பதவி அல்ல, சிப்பாய் நிலை. அறிவியல் பாடத்தோடு பிளஸ் டூ வேண்டும், ஆள்சேர்ப்பும் வேறு வழி.

"உள்ளே ஆள் இருக்கு, அட்வான்ஸ் மட்டும் கொடுங்க" என்று களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான், அறிவிப்பு இந்திய ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் வரும். அதைத் திறந்து படிக்க ஒரு போன் போதும்.