டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள்

செடான் கார் வாங்குமுன் டெஸ்ட் டிரைவுக்கு வீட்டார் நால்வரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். பெங்களூரு அல்சூர்ச் சந்தில் உள்ள உயரமான வேகத்தடை ஒன்றில் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் என ஒவ்வொன்றையும் ஏற்றிப் பாருங்கள். விர்டஸின் தரை இடைவெளி 179 மி.மீ. என்பது யாரும் ஏறாத காருக்கான அளவு. பின் இருக்கை நிறைந்ததும் ஸ்பிரிங் அமுங்கி வால் தாழும். அடிவயிறு உரசும் அந்தக் கரகரப்பும், வளைவில் கார் சாய்வதும் அப்போதுதான் தெரியும். அம்மாவின் முழங்கால் வலி எந்த விமர்சகரையும்விட நேர்மையானது! கிளம்புமுன் டயர் காற்றைக் கதவோர ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். கூடினால் நல்ல காரும் குலுக்கும். பெரும்பாலும் ஒருவரோ இருவரோ மட்டும் போகிறவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.